மடிநோய் போல வந்த மடிப்புற்று: சேர்வராயன் மலை நாய் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பால் கொடுக்காத, வயதான, கருத்தடை செய்யப்படாத பெட்டை நாயின் மடி சில நாட்களுக்குள் வீங்கிச் சிவந்து தொட்டால் சுடுகிறது என்றால், மடிநோய் (கிருமித் தொற்றால் மடியில் வரும் அழற்சி) என்று முடிவு கட்டுவதற்கு முன்னும் கத்தியைக் கையில் எடுப்பதற்கு முன்னும் அந்தத் தோலில் ஒரு சிறு துண்டை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்துவிட வேண்டும் என்பதே இந்த நிகழ்வை விரிவாக எழுதுவதற்குக் காரணம். நாய்களுக்கு வரும் மடிக்கட்டிகளில் ஏறத்தாழப் பாதி தீங்கற்றவை. மீதிப் பாதியிலும் எல்லாமே வேகமாகப் பரவுவதில்லை. ஆனால் அழற்சி வகை மடிப்புற்று என்று ஒன்று உண்டு. மொத்தத்தில் பத்தில் ஒன்றுக்கும் குறைவாகவே வந்தாலும், அடையாளம் காண்பதில் மிக எளிதாக ஏமாற்றுவதும் மிக விரைவாக உயிரை வாங்குவதும் அதுதான்.

ஏற்காட்டுக்கு அப்பால் நாகலூர்ப் பக்கம் சிறிய காப்பித் தோட்டம் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தின் நாய் இது. பத்து வயது, 13 கிலோ எடை, ஸ்பிட்ஸ் கலப்பினம். பெயர் மல்லி. நான்கு வயதில் ஒரே ஒரு முறை குட்டி போட்டது. அந்த ஈற்றில் பிறந்த ஒரு பெட்டைக் குட்டியும் அதே வீட்டில்தான் வளர்கிறது. கருத்தடை அறுவை செய்யப்படவில்லை. பருவத்தைத் தள்ளிப்போட ஹார்மோன் ஊசி எதுவும் போடவில்லை என்பதைத் தனியாகக் கேட்டு உறுதி செய்துகொண்டோம். அத்தகைய ஊசிகள் மடிக்கட்டிக்கான வாய்ப்பைக் கூட்டும் என்பதால் இந்தக் கேள்வியை எந்தப் பெட்டை நாய்க்கும் விடக்கூடாது.

மடியில் வீக்கம் தெரிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. முதல் வாரம் மடிநோய் என்று கருதி அமாக்ஸிசிலினும் கிளாவுலனேட்டும் சேர்ந்த நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையும் வெந்நீர் ஒத்தடமும் கொடுக்கப்பட்டிருந்தன. வீக்கம் குறையாமல் பரவி, வலது பின்னங்காலும் வீங்கத் தொடங்கிய பிறகே மலையிறங்கிச் சேலத்துக்கு அழைத்து வந்தார்கள். வீட்டம்மா முதலில் கேட்டதே சரியான கேள்வி: “குட்டி போட்ட நாய்க்குத்தானுங்க டாக்டர் மடி கட்டும்? இது குட்டி போட்டு ஆறு வருஷம் ஆச்சுங்களே.” கடைசியாக எப்போது பருவத்துக்கு வந்தது என்று கேட்டதற்கு, தைப்பூசத்துக்குக் கொஞ்சம் முன்னால், தோட்டத்தில் பழம் பறித்து முடிக்கிற சமயம் என்றார். எங்களிடம் வந்தது பங்குனியில். ஆக, பருவம் முடிந்து சுமார் இரண்டு மாதம்.

இந்த இரண்டு மாதக் கணக்குதான் நோயறிதலைச் சிக்கலாக்குகிறது. பருவம் முடிந்த ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள், கருவுறாத பெட்டை நாய்க்கும் பொய்ச்சினை ஏற்பட்டு மடி பெருத்துப் பால் ஊறலாம். அந்தப் பால் தேங்கி உண்மையிலேயே மடிநோயும் வரலாம். எனவே குட்டி போடவில்லை என்பதை மட்டும் வைத்து மடிநோயைத் தள்ளிவிட முடியாது. முதலில் நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்துப் பார்த்ததை அந்த அளவில் நான் குறை சொல்லமாட்டேன். மூன்று, நான்கு நாட்களில் வீக்கம் வடியத் தொடங்காதபோது, மருந்தை மாற்றுவதா, நோயின் பெயரையே மறுபரிசீலனை செய்வதா என்பதுதான் கேள்வி. அழற்சிப் புற்றும் பெரும்பாலும் பருவத்துக்குப் பிந்தைய இதே காலத்தில்தான் தலைகாட்டுகிறது என்பதால் அந்த மறுபரிசீலனை தள்ளிப்போகாமல் நடக்க வேண்டும்.

உடல்வெப்பம் 103.1 டிகிரி ஃபாரன்ஹீட். ஈறுகள் சற்று வெளிறியிருந்தன. தண்ணீர் அதிகமாகக் குடிக்கிறது, சோறு சரியாகத் தின்னவில்லை, மெலிந்துவிட்டது என்றார்கள். நாய்க்குப் பொதுவாக ஐந்து இணை மடிகள். முன்னிரண்டு இணை மார்பில், அடுத்த இரண்டு வயிற்றில், கடைசி இணை தொடையிடுக்கில். கட்டிகள் பெரும்பாலும் பின்னிரண்டு இணைகளில்தான் தோன்றும், ஏனென்றால் சுரப்புத் திசு அங்கேதான் அதிகம். மல்லிக்கும் நான்காம், ஐந்தாம் இணைகள் இருபுறமும் பாதிக்கப்பட்டிருந்தன. ஆனால் கட்டி என்று விரலால் பிடித்து எல்லை காணக்கூடிய எதுவும் இல்லை. தொப்புளுக்குக் கீழிருந்து தொடையிடுக்கு வரை தோலும் மடியும் ஒன்றாக இறுகி, பலகை போட்டது மாதிரி தடித்திருந்தன. நிறம் நடுவில் ஊதா கலந்த சிவப்பு; ஓரத்தில் சிவப்புத் திட்டுகள் விலாப்பக்கமாக நீண்டிருந்தன. முடியை மழித்துவிட்டுப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தபோது, முடிக்கால்கள் ஒவ்வொன்றும் உள்ளிழுக்கப்பட்டு, தோல் ஏற்காட்டு ஆரஞ்சின் தோல் போலக் குழிகுழியாக இருந்தது. தோலடியில் நீர் கோத்து, முடிக்கால்கள் மட்டும் மேலெழ முடியாமல் பிணைந்து நிற்பதால் ஏற்படும் தோற்றம் இது. மனிதர்களின் அழற்சி மார்பகப் புற்றிலும் இதே அடையாளத்தைத்தான் மருத்துவர்கள் தேடுகிறார்கள்.

காம்பைப் பிதுக்கினால் பால் வரவில்லை. மடிநோயில் வரும் திரிந்த பாலோ சீழோ இல்லை. ஒரே ஒரு காம்பிலிருந்து ரத்தம் கலந்த நீர் ஒரு துளி கசிந்தது. வலது பின்னங்காலில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தால் குழி அப்படியே நின்றது. மடியைத் தொட்டதும் மல்லி முனகவில்லை. உடலை விறைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்தது. வலியைச் சத்தம் போட்டுக் காட்டாத நாய்களிடம் இந்த விறைப்பைத்தான் பார்க்க வேண்டும்.

மலைத்தோட்டத்து நாய் என்பதால் வேறு சிலவற்றையும் எண்ணிப் பார்த்தோம். காப்பிச் செடிகளுக்கிடையே குழிவிரியன் கடித்தாலும் வீக்கமும் ரத்தம் உறையாமையும் வரும்; ஆனால் அது சில மணி நேரத்தில் வருவது, இரண்டு வாரமாகப் படிப்படியாகப் படர்வதில்லை. தொடையிடுக்கில் மாஸ்ட் செல் கட்டி (ஒவ்வாமையில் பங்குபெறும் செல்களில் தோன்றும் தோல்கட்டி) இருந்தாலும் சுற்றிலும் சிவந்து வீங்கும். காலில் நீர் கோப்பதற்கு ஃபைலேரியாப் புழுவும் காரணமாகலாம் என்பதால் ரத்தத்துளியை ஈரமாகவே நுண்ணோக்கியில் பார்த்தோம். நுண்புழு எதுவும் இல்லை. பருவத்துக்குப் பின் இரண்டு மாதம், அதிகத் தாகம் என்ற இரண்டும் சேர்ந்தால் கருப்பைச் சீழையும் நினைக்க வேண்டும். ஸ்கேனில் கருப்பை சாதாரணமாக இருந்தது.

மெல்லிய ஊசியால் உறிஞ்சி எடுத்த செல்களைப் பார்ப்பது முதல் படி. மடிக்கட்டிகளில் இந்தச் சோதனையின் வரம்பைத் தெளிவாக அறிந்து வைத்துக்கொள்ள வேண்டும். கட்டி கொழுப்பா, மாஸ்ட் செல்லா, சுரப்புத் திசுவா என்பதை அது நன்றாகப் பிரித்துக் காட்டும். ஆனால் நாய்களின் மடிக்கட்டிகளில் சுரப்புச் செல்லும் தசைச்செல்லும் குருத்தெலும்பும்கூட ஒரே கட்டிக்குள் கலந்திருப்பது வழக்கம் என்பதால், தீங்கற்றதா அல்லவா என்று செல்லை மட்டும் பார்த்து உறுதியாகச் சொல்வது கடினம். அழற்சிப் புற்று சந்தேகிக்கப்படும்போது நிலைமை வேறு. அங்கே கேள்வி மடிநோயா புற்றா என்பது. அதற்குச் செல் பரிசோதனை பெரும்பாலும் நேர்மையான விடை தரும். மூன்று இடங்களில் 23 எண் ஊசியால் எடுத்து லீஷ்மன் சாயம் ஏற்றியதில், மடிநோயில் எதிர்பார்க்கக்கூடிய நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களின் கூட்டமும் விழுங்கப்பட்ட பாக்டீரியாவும் தெரியவில்லை. ஒட்டிக்கொண்ட கொத்துகளாகப் பெரிய எபிதீலியச் செல்கள் (சுரப்பியின் உள்படலச் செல்கள்), ஒன்றுக்கொன்று அளவில் பெரிதும் மாறுபட்ட உட்கருக்கள், ஒரே உட்கருவில் பல நியூக்ளியோலஸ்கள் (உட்கருவுக்குள் இருக்கும் சிறு உருண்டைகள்), ஒழுங்கற்ற செல் பிரிவு ஆகியவை தெரிந்தன. புற்று என்பதில் ஐயமில்லை. தோலின் நிணநாளங்களை, அதாவது நிணநீர் ஓடும் மெல்லிய குழாய்களை, அது அடைத்திருக்கிறதா என்பதைத் திசுத் துண்டு மட்டுமே சொல்லும்.

திசு எடுப்பதற்கு முன் செய்த ரத்தப் பரிசோதனையில்தான் இந்த நிகழ்வின் இரண்டாவது பொறி இருந்தது. ஹீமோகுளோபின் 9.8 கிராம், வெள்ளணுக்கள் 24,000, தட்டணுக்கள் 68,000. நம் பகுதியில் தட்டணு குறைந்த நாய் என்றாலே உண்ணிக்காய்ச்சல்தான் முதலில் நினைவுக்கு வரும். பழுப்பு உண்ணி பரப்பும் எர்லிகியா என்ற கிருமி இங்கே அவ்வளவு பரவலாக இருக்கிறது. விரைவுச் சோதனைப் பட்டையில் மெல்லிய கோடு தெரிந்தது. காய்ச்சல், வெளிறல், தட்டணுக் குறைவு, கோடு விழுந்த பட்டை ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் உண்ணிக்காய்ச்சல் என்றே எழுதிவிடலாம். ஆனால் அந்தப் பட்டை காட்டுவது எதிர்ப்பொருளை. எப்போதோ தொற்று ஏற்பட்டிருந்தது என்பதற்கு மேல் அது உறுதியாகச் சொல்வதில்லை. மலையடிவாரத்திலும் மேலேயும் உண்ணியோடு வளரும் நாய்களில் பலவற்றுக்கு நோயே இல்லாமல் இந்தக் கோடு விழும். ரத்தப் பூச்சில் எர்லிகியாக் கூட்டம் எதுவும் தென்படவில்லை. அங்கங்கே உடைந்த சிவப்பணுக்கள் இருந்தன. உறைதலுக்கான இரண்டு நேரச் சோதனைகளும் இயல்பைவிட நீண்டிருந்தன. உண்ணிக்காய்ச்சலில் தட்டணு குறையும். ஆனால் உடைந்த சிவப்பணுவும் நீண்ட உறைதல் நேரமும் தட்டணுக் குறைவோடு சேர்ந்து வந்தால், ரத்தநாளங்களுக்குள்ளேயே ஆங்காங்கே ரத்தம் உறைந்து உறைதல் பொருள்கள் செலவாகிக்கொண்டிருக்கின்றன என்றே முதலில் கொள்ள வேண்டும். அழற்சி மடிப்புற்றில் இது அடிக்கடி வரும். உண்ணிக்காய்ச்சலுக்கான டாக்ஸிசைக்ளின் தொடங்கினோம், அதனால் தீமை இல்லை. ஆனால் தேடலை அதோடு நிறுத்தவில்லை.

மார்பு எக்ஸ்ரேயை வலது, இடது, மல்லாந்த நிலை என மூன்று கோணங்களில் எடுத்தோம். ஒரே கோணம் போதாது: நாய் படுத்திருக்கும் பக்கத்து நுரையீரல் அழுந்திக் காற்றிழந்துவிடுவதால் அங்குள்ள புற்றுக் கணுக்கள் மறைந்துவிடும். தெளிவான கணு எதுவும் தெரியவில்லை. நுரையீரல் முழுவதும் மெல்லிய வலைப்பின்னல் போன்ற சாயல் இருந்தது; வயதான நாய்களில் அது இயல்பாகவும் இருக்கும் என்பதால் புற்றுப் பரவல் என்று எழுதவில்லை. எக்ஸ்ரேயில் கண்ணுக்குப் படுவதற்குக் கணு அரை சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்திருக்க வேண்டும். ஆகவே “மார்பு சுத்தம்” என்று குடும்பத்திடம் சொல்லாமல், “இப்போதைக்குக் கண்ணுக்குத் தெரியும் அளவில் எதுவும் இல்லை” என்றே சொன்னோம். வயிற்று ஸ்கேனில் இடுப்புப் பெருநாளத்தை ஒட்டிய நெறிக்கட்டி (நிணநீரை வடிகட்டும் முடிச்சு) ஒன்று பெருத்து உருண்டிருந்தது. பின்மடிகளின் நிணநீர் தொடையிடுக்கு நெறிக்கட்டி வழியாக மேலேறிச் சேரும் இடம் அதுதான்.

தோலிலிருந்து 6 மில்லிமீட்டர் துளைக்கருவியால் இரண்டு துண்டுகள் எடுத்தோம்: ஒன்று நடுவிலிருந்து, ஒன்று சிவப்பு படர்ந்துகொண்டிருக்கும் ஓரத்திலிருந்து. ஓரத்துத் துண்டு முக்கியம், ஏனென்றால் நடுவில் திசு அழுகியிருந்தால் நுண்ணோக்கியில் படிப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. உறைதல் கோளாறு இருந்ததால் பெரிய துண்டு எடுக்கத் துணியவில்லை. புடார்ஃபனாலில் அமைதிப்படுத்தி, லிக்னோகெய்னால் மரத்துப்போகச் செய்து, ஒவ்வொரு துளைக்கும் ஒரு தையல் போட்டு, ரத்தம் நிற்கும்வரை விரலால் அழுத்திப் பிடித்திருந்தோம்.

மாதிரியை அனுப்புவது பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்லத் தோன்றுகிறது, ஏனென்றால் நல்ல கையால் எடுத்த திசுவும் மோசமான பாட்டிலில் வீணாவதைப் பார்க்க மனம் வருந்துகிறது. திசுவின் கன அளவைப் போலப் பத்து மடங்கு ஃபார்மலின் இருக்க வேண்டும். அது 10 சதவீதக் கரைசலாக, சமன்செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். பெரிய கட்டியை முழுதாக அனுப்புவதானால் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் கீறிவிட வேண்டும், இல்லையேல் உள்ளே ஊறாமல் நடுப்பகுதி கெட்டுவிடும். வாய் குறுகிய பாட்டிலில் மென்மையான திசுவைத் திணித்தால், இறுகிய பிறகு உடைக்காமல் வெளியே எடுக்க முடியாது. எல்லாவற்றையும்விடப் பலர் கவனிக்காதது: செல் பூசிய கண்ணாடித் தகடுகளையும் ஃபார்மலின் பாட்டிலையும் ஒரே உறைக்குள் அனுப்பக்கூடாது. மூடியிருந்தாலும் அந்த ஆவி பட்டுச் செல்கள் சாயம் ஏற்காமல் போய்விடும். நாமக்கல்லில் வெகுகாலமாகவும் தலைவாசலில் அண்மைக் காலமாகவும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருப்பதால், சேலத்துக்காரர்களுக்குத் திசு ஆய்வு எட்டாத தொலைவில் இல்லை. மாதிரி ஒழுங்காகப் போய்ச் சேர்வதுதான் மீதி.

திசு அறிக்கை கெட்ட செய்தியைச் சந்தேகமின்றிச் சொன்னது. தர அளவீட்டில் மூன்றைப் பார்ப்பார்கள்: குழல் அமைப்பு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, உட்கருக்கள் எவ்வளவு உருக்குலைந்துள்ளன, செல்கள் எவ்வளவு வேகமாகப் பிரிகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் மூன்று வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 8 அல்லது 9 என்றால் மூன்றாம் தரம், அதாவது மிகக் கொடியது. மல்லியின் மதிப்பெண் 9. தோலின் மேலடுக்கு நிணநாளங்களுக்குள் புற்றுச்செல் கட்டிகள் அடைத்து நின்றன. இரண்டு துண்டுகளிலும் இது இருந்தது. அழற்சி வகை என்று உறுதி செய்வது இந்த அடைப்பே. வெளியே மடி நெருப்பாகச் சிவந்திருந்தும், உள்ளே அழற்சிச் செல்கள் அவ்வளவாக இல்லை. நிணநீர் வடிய வழியில்லாமல் தேங்கியதே வீக்கம், சூடு, சிவப்பு, ஆரஞ்சுத் தோல், கால் வீக்கம் அனைத்துக்கும் காரணம். நுண்ணுயிர்க்கொல்லி ஏன் ஒன்றும் செய்யவில்லை என்பதும் இதிலேயே விளங்கும்.

வழக்கமான நிலை வகைப்பாட்டில் கட்டியின் அளவு 3 சென்டிமீட்டருக்குக் கீழா, 3 முதல் 5 வரையா, 5-க்கு மேலா என்பதிலிருந்து தொடங்கி, நெறிக்கட்டிக்குப் பரவியிருந்தால் நான்காம் நிலை, தொலை உறுப்புக்குப் பரவியிருந்தால் ஐந்தாம் நிலை என்பார்கள். அளந்து சொல்ல எல்லையே இல்லாத இந்த நோய்க்கு அந்த அட்டவணை பொருந்தாது. வேறு எந்த மடிக்கட்டிக்கும் அறுவையே முதல் சிகிச்சை. இதற்கு மட்டும் அறுவை கூடாது. கண்ணுக்கு நல்ல தோலாகத் தெரியும் இடத்திலும் நிணநாளத்தில் புற்று இருப்பதால், எங்கே வெட்டினாலும் வெட்டுக்கோடு புற்றின் மேலேயே விழும். தையல் ஆறாமல் பிரியும், தழும்பிலேயே புற்று மீண்டும் வரும், உறைதல் கோளாறு இருக்கும் நாய் மேசையிலேயே ரத்தமிழந்து போகலாம். அறுவைக்கு முன்பே இந்த நோயைப் பெயர் சொல்லி அடையாளம் காண்பது, அந்த நாய்க்கு வீண் வேதனையிலிருந்து கிடைக்கும் விடுதலை.

குடும்பத்தாரிடம் இதை விளக்கியது எளிதாக இல்லை. “கட்டிய எடுத்துட்டா சரியாப் போயிடாதுங்களா டாக்டர்? செலவப் பத்திப் பரவால்லைங்க” என்று வீட்டுக்காரர் திரும்பத் திரும்பக் கேட்டார். மழித்த தோலில் சிவப்பு எங்கே முடிகிறது என்று விரலால் காட்டச் சொன்னேன். அவர் கை விலா வரை போய் நின்றது. அங்கும் முடிவு தெரியவில்லை. அதன் பிறகு அறுவை பற்றிக் கேட்கவில்லை. 2009-ல் வெளியான, 43 நாய்களைக் கொண்ட ஓர் ஆய்வில் இந்நோய் கண்ட நாய்களின் ஆயுள் சுமார் இரண்டு மாதமாகவே இருந்தது என்பதையும் மறைக்காமல் சொன்னோம்.

இந்தப் புற்றுச் செல்களில் அழற்சியைத் தூண்டும் காக்ஸ்-2 நொதி மிகுதியாக இருப்பதால், அதைத் தடுக்கும் வலிமருந்துகளே இப்போதைக்கு ஓரளவு உதவுபவை. பைராக்ஸிகாம் பற்றித்தான் அதிகம் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அது தட்டணுக்களின் வேலையையும் குடல் சுவரையும் கூடுதலாகப் பாதிக்கும் என்பதால், தட்டணு குறைந்த மல்லிக்கு மெலாக்ஸிகாமைக் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் வீதம் சாப்பாட்டோடு கொடுத்து, கூடவே நரம்பு வலிக்கான கபாபென்டினும் சேர்த்தோம். வீக்கம் வடியட்டும் என்று ஸ்டீராய்டைச் சேர்க்கக்கூடாது. இரண்டும் சேர்ந்தால் குடல் புண்ணாகி ரத்தம் கசியும். முதல் வாரத்தில் வலி நன்றாகக் குறைந்தது. காப்பி பூத்திருந்த தோட்டத்துக்குள் பழையபடி காலையில் ஒரு சுற்றுப் போய் வந்ததாகச் சொன்னார்கள். மூன்றாம் வாரத்தில் மூச்சு வாங்கத் தொடங்கியது. படுக்க முடியாமல் இரவெல்லாம் உட்கார்ந்தே இருந்தது என்றதும், இனித் தாமதிப்பது இரக்கம் ஆகாது என்று பேசி, அவர்கள் வீட்டிலேயே, அந்த அம்மாவின் மடியில் தலை வைத்திருந்த நிலையில் மல்லியை வலியின்றி விடுவித்தோம்.

உடலைத் திறந்து பார்க்க அவர்கள் அனுமதித்ததற்கு நன்றியோடு இருக்கிறோம். நுரையீரலின் எல்லா மடல்களிலும் ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் அளவில் வெண்மையான கணுக்கள் இறைந்து கிடந்தன. மூன்று வாரம் முன்பு எக்ஸ்ரேயில் நாம் பார்த்த வலைப்பின்னல் சாயலில் ஒரு பங்கேனும் இவையாக இருந்திருக்க வேண்டும். இடுப்பு நெறிக்கட்டி முழுவதும் புற்றாக மாறியிருந்தது. சிறுநீர்ப்பையின் சுவரிலும் பரவல் இருந்தது.

மல்லியின் மகளுக்கு அப்போது ஆறு வயது. அதற்கும் கருத்தடை செய்யப்படவில்லை. தாய்க்கு வந்தது மகளுக்கும் வருமோ என்ற பயத்தோடு அதையும் அழைத்து வந்தார்கள். மல்லாக்கப் படுக்க வைத்து, முன்மடியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு மடியையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே உருட்டிப் பார்த்ததில், இடப்பக்க நான்காம் மடியில் 8 மில்லிமீட்டரில் ஒரு முடிச்சு. கெட்டியானது, ஆனால் தோலோடும் தசையோடும் ஒட்டாமல் நகர்ந்தது. சிறியது, கொஞ்ச நாள் பார்க்கலாம் என்று விட்டுவிடுவது நம் ஊர் வழக்கம். நான் அதற்கு உடன்படுவதில்லை. 3 சென்டிமீட்டருக்குக் கீழே, நெறிக்கட்டியைத் தொடாத நிலையில் எடுத்துவிட்டால், கெட்ட கட்டியாகவே இருந்தாலும் பெரும்பாலான நாய்கள் அறுவையோடு தப்பிக்கின்றன. மார்பு எக்ஸ்ரேயும் ரத்தமும் சரியாக இருந்ததால், சுற்றிலும் நல்ல திசு சேர்த்து அந்த மடியை எடுத்து, அதே மயக்கத்தில் கருப்பையையும் சினைப்பையையும் அகற்றினோம்.

கருத்தடை பற்றிய கேள்விக்கும் நேராகவே பதில் சொன்னோம். முதல் பருவத்துக்கு முன்பே கருத்தடை செய்தால் மடிப்புற்று வரும் வாய்ப்பு, செய்யாத நாய்களோடு ஒப்பிட 0.5 சதவீதமாகவும், ஒரு பருவத்துக்குப் பின் 8 சதவீதமாகவும், இரண்டுக்குப் பின் 26 சதவீதமாகவும் குறைகிறது என்பது 1969-ல் வெளியான ஆய்வின் கணக்கு. அந்தச் சான்றுகள் வலுவாக இல்லை என்று 2012-ல் ஒரு மறுஆய்வு வாதிட்டது. ஆறு வயதில் செய்வதால் மடிக்குக் கிடைக்கும் பாதுகாப்பு சொற்பமே. ஆனால் கருப்பைச் சீழ் என்ற ஆபத்து அறவே போகிறது.

மகளின் திசு அறிக்கை தீங்கற்ற சுரப்புக் கட்டி என்று வந்தது, ஓரங்கள் சுத்தம். ஒரு மடியில் வந்த நாய்க்கு மற்ற மடிகளிலும் புதிதாக வரலாம் என்பதால், மாதம் ஒரு முறை மீதி ஒன்பது மடிகளையும் உருட்டிப் பார்க்கும் முறையை அந்த அம்மாவுக்குக் கையைப் பிடித்தே சொல்லிக் கொடுத்திருக்கிறோம். வரிசையாக, எந்த மடியில், எந்த அளவு என்று ஒரு நோட்டில் தேதியோடு குறித்து வருகிறார். மார்பு எக்ஸ்ரேயும் முழு மடிப் பரிசோதனையும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை தொடர்கின்றன. இதுவரை புதிய முடிச்சு எதுவும் இல்லை.